மனோன்மணீயத்தில் மக்களியல்பு: குடிலன் மலமோ, உயிரோ?

கூத்தென்னுஞ் சொல் சைவ நன்மக்கட்குப் புறத்ததன்று. நாம் வழிபடுங் கடவுளே கூத்தப்பிரான். கொங்குநாட்டில் மேலைச்சிதம்பரமென்று போற்றப்பெறும் பேரூரிலே, பட்டிப்பெருமான் திருக்கோயிற் கனகசபையிற் சென்று நிற்போர், ஊர்த்துவ தாண்டவக் கோலமும் யானையுரித்த கோலமும் கற்றூண்களினின்றும் புடைத்தெழுந்து நிற்கக் காண்பர். இறைவன் ஐந்தொழிலையும் ஒரு கூத்தாகவே கண்டுகொண்ட சமயம், மக்கள் ஆடுங் கூத்தை இழிந்ததென ஒதுக்குதல் பொருந்துமா? ஆயினும், பழைய முறையிற் பயின்ற நம்மவர் பலர் நாடக நூல்களை ஏறெடுத்தும் பார்த்திலர். பார்த்த சிலரும், நாடகத்துள் வரும் மாந்தரை மாந்தராக வைத்துப் பாராமல், ஒவ்வொருவரையும் ஒவ்வொரு தத்துவமாக மாற்றிய பின்னரே உள்ளே புகவிட்டனர். யானும் அச்சிலருள் ஒருவனாய் இருந்தவன். அங்ஙனம் மாற்றுதலால் நூலுக்கும் சித்தாந்தத்துக்கும் ஒருங்கே நேரும் இழுக்கை, மனோன்மணீயத்தைக் கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

மனோன்மணீயம் 1891-ஆம் ஆண்டில் வெளிவந்த செய்யுள் நாடகம். ஐந்து அங்கங்களும் இருபது களங்களும் உடையது. பெரும்பான்மையும் ஆசிரியப்பாவான் இயன்றது. ஆசிரியர் பெ. சுந்தரம் பிள்ளையவர்கள் 1855-இல் ஆலப்புழையிற் பிறந்து, திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராய் விளங்கி, 1897-இல் நாற்பத்திரண்டு வயதளவிலே மறைந்தவர். திருஞானசம்பந்தர் காலத்தை வரலாற்று முறையால் வரையறுக்க முயன்ற அவர்தம் ஆராய்ச்சியைச் சைவர் மறந்திலர். இந்நாடகத்தின் முகப்பில் நிற்குந் தமிழ்த்தெய்வ வணக்கத்தின் ஒரு பகுதியை 1970-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு விழாக்களுக்குரிய வாழ்த்தாக ஏற்றது. 2021-இல் அது மாநிலப் பாடலாகவும் அறிவிக்கப்பெற்றது. அதனால், வாயிற்படியை நாடோறும் வணங்கி வீட்டினுள்ளே ஒருகாலும் புகாதார் போல, வணக்கத்தை அறிந்து நாடகத்தை அறியாதார் இன்று மிகப் பலராயினர்.

கதைக்கு வித்து ஆங்கிலக் கவிஞரான லிட்டன் பிரபு 1866-இல் வெளியிட்ட கதைத்தொகுதியில் உள்ள 'இரகசிய வழி' என்பது. ஒருவரையொருவர் நேரிற் காணாத ஓரிளவலும் ஓரிளவரசியும் கனவிற் கண்டு காதலுறும் அக்கதையின் வேர், கிரேக்கர் எழுதிவைத்த பழங்கதையொன்றில் உள்ளது. வித்து அயலதேனும் விளைந்த நிலம் நம்முடையது. தம் ஞானாசிரியராகிய கோடகநல்லூர்ச் சுந்தர சுவாமிகளின் திருப்பெயரையே நாடகத்துள் வரும் முனிவர்க்குச் சூட்டி, அவரை நாடகத்தின் அச்சாணியாகவும் வைத்தார் பிள்ளையவர்கள்.

கதை வருமாறு: பாண்டியன் சீவகன், தன் அமைச்சன் குடிலனது சொல்வழி நின்று, மதுரையை விடுத்துத் திருநெல்வேலியிற் புதுக்கோட்டை கட்டி வாழ்கின்றான். கோட்டையைக் காணவந்த குலகுருவாகிய சுந்தர முனிவர், வரவிருக்குந் தீங்கினை உணர்ந்து, தம் வழிபாட்டிற்கென அங்கு ஓரறையை வேண்டிப் பெற்று, அதனின்றும் புறத்தே செல்லுமாறு ஒரு சுரங்கவழியை மறைவில் அமைக்கின்றார். அரசன்மகள் மனோன்மணி, சேரன் புருடோத்தமனைக் கனவிற் கண்டு நோயுறுகின்றாள். சேரனுக்கே அவளை மணஞ்செய்விக்குமாறும், நடராசனைத் தூதனுப்புமாறும் முனிவர் கூறுகின்றார். குடிலனோ தன் மகன் பலதேவனைத் தூதனுப்பச் சூழ்ச்சி செய்கின்றான். அத்தூது போராய் முடிகின்றது. சீவகன் தோற்றுக் கோட்டையுட் புகுந்து, நாணத்தால் நைந்து, அந்நள்ளிரவிலேயே மகளைப் பலதேவனுக்கு மணஞ்செய்து கொடுக்கத் துணிகின்றான். சுரங்கத்தின் மறையை அறிந்த குடிலன், அதன் வழியே பகைவன்பாற் சென்று அரசனைக் காட்டிக்கொடுக்க முற்படுகின்றான். அவ்விழிசெயலைக் கண்டு அருவருத்த புருடோத்தமன், அவனுக்கு விலங்கு பூட்டி, அவனையே வழிகாட்டியாகக் கொண்டு சுரங்கவழி வந்து மணவறையிற் றோன்றுகின்றான். கனவிற் கண்ட இருவரும் நனவிற் காண்கின்றனர்; மாலை அவன் கழுத்தில் விழுகின்றது.

இந்நாடகத்துக்கு நம்மவர் கூறிவரும் பொருத்தம் யாவரும் அறிந்ததே. சீவகன் சீவான்மா; குடிலன் மலம், அன்றி மாயை; சுந்தர முனிவர் குரு வடிவாக எழுந்தருளும் அருள்; கோட்டை உடம்பு; மனோன்மணி உயிர் பக்குவப்பட்ட நிலை; புருடோத்தமன் அடையத்தகும் பொருள். ஆசிரியர் இவ்வழிக்கு இடந்தந்திலர் என்று கூறுதற்கில்லை. சீவகனென்னும் பெயரே சீவனை நினைப்பிக்கின்றது. குடிலமென்பது வளைவு, குடிலையென்பது சுத்தமாயைக்கும் ஒரு பெயர். மனோன்மணியென்பது சத்தியின் திருநாமம். இவற்றைக் கண்டு, பொருத்தந் தேடுவார் மனம் விரைந்தோடுதல் இயல்பே.

யானும் இப்பொருத்தத்தைப் பல்லாண்டு மாணாக்கர்க்குக் கற்பித்தேன். கரும்பலகையில் இடப்பக்கம் பாத்திரப் பெயரும் வலப்பக்கம் தத்துவப் பெயரும் எழுதி நடுவே கோடிழுத்துக் காட்டுவேன். அங்ஙனம் காட்டிய ஒருநாள், இப்பெரியநாயக்கன்பாளையத்துப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வரும் மாணவனொருவன் எழுந்து நின்றான். அவன் தந்தையார் கூத்தில் வேடங்கட்டுபவர். 'ஐயா, பாசம் உயிரைக் கட்டும் என்று படித்தோமே. குடிலனே பாசமானால், அவனுக்கு விலங்கு எதற்கு? கட்டுகிற கயிற்றைக் கட்டுவதற்கு இன்னொரு கயிறு வேண்டுமா?' என்று வினவினான். வகுப்பு நகைத்தது. மரபாகப் பெரியோர் கூறிய பொருளில் குற்றங் காணாதே என்று அதட்டி யான் அவனை இருத்தினேன். அவ்வதட்டல் வினாவை அடக்கிற்றேயன்றி விடை கூறிற்றில்லை. ஓய்வு பெற்ற பின்னர் நூலை மீளவுங் கையிலெடுத்தபோது, அம்மாணவன் வினாவே முதற்கண் வந்து நின்றது. இனி அதனை முறையாக ஆராய்வாம்.

மலமெனினும் மாயையெனினும் சித்தாந்தத்தில் அது சடம். ஆணவம் உயிரின் அறிவு இச்சை செயல்களை மறைத்து நிற்கும். ஆயினும் தான் ஒன்றை அறிந்து மறைப்பதன்று. மாயை உடம்புங் கருவியும் உலகும் போகமுமாய் விரியும். அதுவும் தானே எண்ணி விரிவதன்று. அறிதலும், வேண்டுதலும், துணிதலும், நாணுதலும், அஞ்சுதலும் சித்தாகிய உயிர்க்கே உரியன. குடிலனோ எண்ணுகின்றான், தனிமொழியிலே தன் சூழ்ச்சிகளை ஒவ்வொன்றாய் நிறுத்தெடுக்கின்றான், மகனை உயர்த்த விரும்புகின்றான், பிறர் முகங்கண்டு அகமறிகின்றான், அரசன் எச்சொல்லுக்கு இளகுவான், எச்சொல்லுக்குச் சீறுவான் என்பதனை அளந்து பேசுகின்றான். இத்துணையுஞ் செய்பவனைச் சடமென்பது எங்ஙனம்? சடத்துக்கு அறிவேற்றிக் கூறுதல், சித்தாந்தி பிற மதங்களை மறுக்குமிடத்து எடுத்துக்காட்டுங் குற்றங்களுள் ஒன்று. அக்குற்றத்தை நம் நாடகவுரையிலே நாமே செய்துவிட்டோம். குடிலன் மலமல்லன்; மலத்தாற் கட்டுண்ட பசு. சீவகனும் அத்தகைய பசுவே. இருவர்க்கும் வேறுபாடு மலசத்தியின் மிகுதி குறைவிலன்றி, உயிர் என்னும் இனத்தில் இல்லை. விலங்கு பூட்டப்பட்டது உயிர்க்கேயாதலின், மாணவன் வினாவும் நேராயிற்று.

அற்றேல், உருவகத்திற் குணங்களை மாந்தராக்குதல் நூல் வழக்கன்றோ, அதனைக் குற்றமென்பது என்னையெனின், கூறுதும். கிருட்டிணமிசிரர் 11-ஆம் நூற்றாண்டில் வடமொழியில் இயற்றிய பிரபோத சந்திரோதயம் அத்தகைய நாடகம். அங்கு விவேகனும் மோகனும் படை கொண்டு பொருவர். அதனைத் தமிழிற் செய்யுளாகத் தந்தாரும் உளர். அந்நூலில் மோகன் தோற்றால் நாம் அவனுக்காக வருந்துவதில்லை; அவன் மனைவி மக்களை எண்ணிக் கலங்குவதுமில்லை; ஏனெனில் அவன் ஒரு குணத்தின் பெயரென்பதனைத் தொடக்கத்திலேயே அறிவோம். மனோன்மணீயம் அவ்வகையினதன்று. தொல்காப்பியனார் வகுத்த எண்வகை மெய்ப்பாடுகளும் இதனைப் படிப்பார்பால் நிகழ்கின்றன. நாராயணன்மேற் பொய்ப்பழி சுமத்தப்படும்போது வெகுளி பிறக்கின்றது. தோற்று வந்த சீவகன் தலைகுனிந்திருக்கும்போது அழுகையும், மனோன்மணி தன் நெஞ்சுக்கு மாறான மணத்துக்கு உடன்படும்போது அழுகையோடு பெருமிதமும் பிறக்கின்றன. தத்துவங்கள் முப்பத்தாறும் வரிசையாக வந்து நின்றாலும் ஒருவர் கண்ணினின்றும் ஒருதுளி நீர் வாராது. மெய்ப்பாடு மாந்தரைக் கண்டே பிறக்கும்.

ஆயின் இந்நாடகம் மாந்தனைக் குறித்துக் கூறுவது யாது? அதனை அறிதற்குச் சீவகனை நோக்குவாம். அவன் தீயவனல்லன். மகள்மேற் பேரன்புடையவன், குருவை வணங்குபவன், போர்க்களத்தில் அஞ்சாதவன். அவன் செய்த பிழை ஒன்றே: நம்பத்தகாதானை நம்பினான். அந்நம்பிக்கையும் அவன்பாலுள்ள தீக்குணத்தினின்றும் பிறந்ததன்று. அன்புசெய்வாரைத் தானும் அன்புசெய்யும் நெகிழ்ந்த நெஞ்சினின்றும் பிறந்தது. எந்நெஞ்சு முனிவரை வணங்கிற்றோ அந்நெஞ்சே குடிலனையும் அணைத்தது. இதனைச் சித்தாந்தம் சார்ந்ததன் வண்ணமாதல் என்னும். பளிங்கு தன்னையடுத்த பொருளின் நிறத்தைக் காட்டுமாறு போல, உயிர் தான் சார்ந்ததன் இயல்பாய் நிற்கும். கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டு. ஆயினும் கதிரொளியின்றிக் காணாது. உயிரறிவும் அறிவிக்க அறியும் அறிவே. எனவே மாந்தனாவான் தனித்து நிற்கமாட்டாதவன். யாதானும் ஒன்றைச் சார்ந்தே நிற்பவன். சாராமை அவனுக்கு இயலாது. எதனைச் சார்வது என்பதே அவன்முன் நிற்கும் வினா. இந்நாடகத்தின் உயிர்நாடி இதுவென்பது எம் துணிபு.

பிறநாட்டு நாடகங்களையும் ஈண்டு ஒப்பு நோக்குதல் தகும். கிறித்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டினரான கிரேக்கப் புலவர் சோபோகிளீஸ் பாடிய நாடகத்தில், ஈடிப்பஸ் மன்னன் தன் நாட்டைப் பற்றிய கொள்ளைநோய்க்குக் காரணமானவனைத் தேடுகின்றான். தேடித் தேடி, அக்குற்றவாளி தானே எனக் காண்கின்றான். கண்ணிருந்த காலத்துக் காணாதவன், கண்ட பின்னர்த் தன் கண்களைத் தானே அழித்துக்கொள்கின்றான். மிக நல்லவனுமின்றி மிகத் தீயவனுமின்றி இடைப்பட்டானொருவன் ஏதோ ஒரு பிழையால் வீழ்தலே இரங்கத்தக்கதென்று அரிஸ்தாத்தில் என்னும் அறிஞர் வகுத்த இலக்கணத்துக்கு இந்நாடகம் தலைசிறந்த எடுத்துக்காட்டாயிற்று. ஆங்கிலப் பெருங்கவி செகசிற்பியரின் லியர் மன்னனோ, இன்சொற் கூறிய மக்கள் இருவரை நம்பி, மெய்யன்புடைய இளையமகளை விலக்கி, புயலிலே வீடின்றி அலைந்து, பின்னரே உண்மை தெளிகின்றான். அவனால் நாடு கடத்தப்பட்ட கெந்து என்னும் பெருமகன், வேற்றுருக்கொண்டு வந்தும் அவனுக்கே தொண்டு செய்கின்றான். நம் நாடகத்து நாராயணனைக் காண்பார்க்கு இவன் நினைவு வாராதிராது. செகசிற்பியர் நாடகங்களைத் தமிழ் மரபோடு வைத்து ஆராய்ந்து, மதங்கசூளாமணியை 1926-இல் வெளியிட்ட விபுலாநந்த அடிகள், துறவு பூண்டாரும் நாடகங் கற்கலாம் என்பதற்குச் சான்றாயினார்.

இம்மூன்று மன்னர்க்கும் பிழை பொது. தெளிவு வரும் வாயில் வேறு. ஈடிப்பஸ் தன் தேட்டத்தாலே தெளிகின்றான். ஆனால் அத்தெளிவு அவனை அழிக்கின்றது. லியர் துன்பத்தாலே தெளிகின்றான். ஆனால் காலங்கடந்து போகின்றது. தெளிந்தவன் மடியில் மகளின் பிணமே கிடக்கின்றது. சீவகனுக்குத் தெளிவு காட்டப்படுகின்றது. விலங்கோடு நிற்குங் குடிலனைக் கண்டபோது அவன் அறிகின்றான். அறியும்போதே மகளும் நாடும் காக்கப்பட்டிருத்தலையுங் காண்கின்றான். அவன் தேடியதனால் வந்ததன்று அக்காவல். அவன் உறங்கியபோது மற்றொருவர் விழித்திருந்ததனால் வந்தது. கிரேக்கன் காணாததும் ஆங்கிலக் கவி அரிதாகவே காட்டுவதுமாகிய அருளென்பது இங்கு நாடக நிகழ்ச்சியாகவே நிகழ்கின்றது.

அவ்வருள் எவ்வாயிலாற் புகுந்தது என்பது நம் கருத்தை மிக ஈர்க்கத்தக்கது. முனிவர் கேட்டது கோட்டையுள் ஓரறை. அரசன் அதன் பொருளை அறிந்திலன், அறிய விரும்பியுமிலன். குரு கேட்டார், கொடுத்தான், அவ்வளவே. அவன் மனம் அப்போது மதிலின் உயரத்திலும் பொறிகளின் வலியிலும் குடிலனது திறமையிலும் ஆழ்ந்து கிடந்தது. தன்னைக் காப்பன என எண்ணிய மதிலும் பொறியும் படையும் அவனைக் காத்தில. பொருளறியாமற் கொடுத்த ஓரறையே காத்தது. அறியாமற் செய்த சிவபுண்ணியமும் பயன் தரும் என்பது நம் நூற்றுணிபு. அபுத்திபூர்வமாகச் செய்த அவ்வெளிய செயலே பற்றுக்கோடாக அருள் அகழ்ந்துகொண்டு வரும் என்பதனை, இதனினுந் தெளிவாகக் காட்டிய நாடகக் களத்தை யான் படித்ததில்லை. உருவகங் கொள்வார் கோட்டையை உடம்பென்று ஒரு சொல்லாற் கூறி நின்றுவிடுவர். மாந்தனொருவன் தன் செருக்கின் நடுவிலே, தானறியாது, ஓரறையைத் திறந்து வைத்தான் என்னும் இந்நயம் அவர் கையில் அகப்படுவதில்லை.

இனிக் குடிலனிடம் மீள்வாம். அவனை மலமென ஒதுக்காது உயிரெனக் கொண்டால் நாடகத்தின் நிறைவும் குறையும் ஒருங்கே விளங்கும். நிறைவு யாதெனின், சுரங்கவழியில் அவன் செல்லும் செலவு. முனிவர் அமைத்த வழி மனோன்மணியைக் காத்தற்கு; குடிலன் அதனைக் காட்டிக்கொடுத்தற்குக் கைக்கொண்டான். அவன் கெடுக்க நினைந்து வைத்த அடிகளே, சேரனை அவ்வறைக்குக் கொணர்ந்து சேர்த்தன. அவன் கருத்து அவனுடையது. அதன் குற்றமும் அவனுடையது. விளைவு மட்டும் அவனுடையதன்று. மறைத்தலும் அருளின் தொழிலே என்னும் திரோதான உண்மையை எண்ணுவார்க்கு இது புதிதன்று. ஆயினும், தீமை நன்மைக்குத் துணையாயிற்று ஆதலின் தீமையே நன்மையென்று ஆசிரியர் கூறிற்றிலர். விலங்கு அவன் கைகளிலேயே கிடக்கின்றது.

குறை யாதெனின், கூறக் கடவேன். ஆசிரியர்மாட்டுள்ள மதிப்பால் இதனை மறைத்தல் ஆராய்ச்சியாகாது. விலங்கு பூண்ட பின்னர்க் குடிலனுக்கு உள்ளத்தே நிகழ்ந்தது யாதென்பதனை நாடகம் நமக்குக் காட்டுவதில்லை. திருந்தினானா, முரணி நின்றானா, மகனை எண்ணி உருகினானா? அவன் வருந்தித் திரும்பும் ஒரு களமும் நூலில் அமையவில்லை. செகசிற்பியரின் ஹாம்லெத்து நாடகத்தில், உடன்பிறந்தானைக் கொன்று அரசேறிய கிளாதியசு ஒருநாள் முழந்தாளிட்டு வழிபட முயல்கின்றான். கொலையால் வந்த பயனைக் கைவிட மனமின்மையால் அவ்வழிபாடு அவனுக்குக் கைகூடவில்லை. கைகூடாதேனும், அம்முயற்சியைக் கண்டபோதே அவனும் ஓருயிர் என்பதனை நாம் உணர்கின்றோம்; வெறுப்பு இரக்கமாக மாறத் தொடங்குகின்றது. குடிலனுக்கு அத்தகைய ஒருநாழிகையை ஆசிரியர் அளித்திருப்பின் இந்நாடகம் இன்னும் உயர்ந்திருக்கும். ஒருகால், குடிலனென்னும் பெயரின் உருவகக் குறிப்பு, ஆசிரியர் கையையே இவ்விடத்துப் பிடித்து நிறுத்திற்று எனலாம். மலத்துக்கு மனவருத்தம் உண்டோ? அங்ஙனமாயின் உருவகத்தால் விளைந்த தீங்கு உரையளவில் நில்லாது நூலினுள்ளும் சிறிது புகுந்ததெனவே கொள்ளல் வேண்டும்.

இதற்கு மாறாக, உருவகப் பிடியினின்றும் நீங்கி முழு மாந்தராக நிற்பார் இந்நாடகத்தில் வேறு சிலர் உளர். நாராயணன் அரசன் நலமொன்றே கருதிக் கடுஞ்சொற் கூறுபவன். குடிலன் சுமத்திய பழியால் அரசன் அவனுக்கு அளித்தது கொலைத்தண்டம். அத்தண்டம் நிறைவேறாமற் றடைப்பட்டமை தற்செயல் போல் நிகழினும், அவன் அரசனை வெறுத்திலன். இவனுக்குப் பொருத்தங் கூறுவார் இடர்ப்படுவர். எத்தத்துவத்திலும் இவன் அடங்கான். மனோன்மணியோ, கனவிற் கண்டானுக்கே நெஞ்சை அளித்தவள். தந்தையின் துன்பங் கண்டு, பலதேவனை மணக்க உடன்பட்டாள். அந்நிலையிலும் தனக்கென ஒன்றும் வேண்டாது, தோழி வாணி தான் விரும்பிய நடராசனை மணத்தற்கு அரசன் இசைவைப் பெற்றுக் கொடுத்தாள். தன் வாழ்வு இருளுங்கால் பிறர் வாழ்விற்கு விளக்கேற்றிய அவ்வொரு செயலை எண்ணிப் பார்க்க. பக்குவம் என்பதற்கு இலக்கணம் கூறுவார் நூறு பேர் உளர். அதனை ஒரு பெண்ணின் செயலில் வைத்துக் காட்டினார் பிள்ளையவர்கள்.

முனிவரின் மாணாக்கராகிய நிட்டாபரரும் கருணாகரரும் இக்கருத்தையே வேறொருவாற்றான் விளக்குவர். ஒருவர் உலகத் துயர்களைப் பொருட்படுத்தாது தன்னுள் ஒடுங்கி நிற்றலைச் சிறப்பிப்பார். மற்றவர் பிறர் துயர் கண்டு உருகி அதனைத் துடைக்க முயல்வார். இருவரும் துறந்தாரே, ஒருவர் பெயர் நிட்டையையும் ஒருவர் பெயர் கருணையையும் குறிக்கும். எனினும் இவர்கள் வெறும் பெயர்களாகாமல் உயிரோடு வாதிடுகின்றனர். முனிவர் செய்யுஞ் செயலை வைத்தே இவ்வாதத்துக்கு முடிவு காணல் வேண்டும். அவர் நிட்டையுடையவர், ஆயினும் அரசன்மகள் ஒருத்தியின் பொருட்டு மண்ணகழ்வித்தவர். ஞானங் கைவந்தார் செய்யுஞ் செயல் இத்தகையதென்பது, சொல்லாற் கூறாமல், சுரங்கத்தாற் கூறப்பட்டது.

மனோன்மணீயம் பெரும்பாலும் படிக்கும் நாடகமாகவே நின்றது. 1942-ஆம் ஆண்டில் சேலத்து மாடர்ன் தியேட்டர்சார் இக்கதையை 'மனோன்மணி' என்னும் பெயராற் றிரைப்படமாக்கினர். படிப்பறியாதார்க்கும் கதை அவ்வாற்றாற் சென்று சேர்ந்தது. ஆயினும் எம் ஊர்ப்புறங்களில் மாந்தனியல்பைக் கற்பித்துவந்த நாடகம் அரிச்சந்திரன் கூத்தே. மயான காண்டத்தில், மகன் பிணத்தோடு வந்து நிற்கும் மனைவியினிடமே சுடலைக்காசு கேட்கும் அரிச்சந்திரனைக் கண்டு, விடியுமளவும் விழித்திருந்து அழுதவர் எத்தனை பேர்! அவருள் ஒருவரும் அரிச்சந்திரனை ஒரு தத்துவமாகக் கொண்டு அழுதிலர். தம்மைப் போல் மனைவியும் மகனும் உடைய மாந்தனொருவன் வாய்மையைச் சார்ந்து நின்றான், அச்சார்பை விட்டானில்லை என்றே அழுதனர். சித்தாந்த நூல் ஓராமலே அவர்கள் சித்தாந்தத்தின் ஒரு பகுதியைக் கண்டனர்.

அக்கூத்தில் மற்றொன்றும் உண்டு. இரவெல்லாம் கொடியவனாய் நின்று மக்களை வருத்தும் வேடங்கட்டியவர், விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டு நம்மோடு திண்ணையிலமர்ந்து பேசுவார். குழந்தைகள் முதலில் அஞ்சிப் பின்னர் அணுகுவர். மலம் அரிதாரம் போல எளிதிற் கழுவப்படுவதன்று. செம்பிற் களிம்பு போல உடன் நிற்பது. ஆயினும் களிம்பு செம்பாகாமை போல, மலம் உயிராகாது. எத்துணைக் களிம்பேறினும் உள்ளே இருப்பது செம்பே என்னும் நம்பிக்கையின்மேலன்றோ தீக்கை, சரியை, கிரியை முதலிய யாவும் நிற்கின்றன? ஒருவனை முழுவதும் மலமெனத் துணிந்துவிட்டால் அவனுக்கு அருளில்லை என்றும் துணிந்தோமாவோம். மறக்கருணை என்றொன்றை நம் பெரியோர் கூறியது எதற்கு?

இவ்வாராய்ச்சி நூலளவில் நிற்பதொன்றன்று. குடிலனை மலமென்று எழுதுவார் தம்மை யாரென்று கொள்வர்? சீவகனென்றே கொள்வர், நல்லவன், ஏமாற்றப்பட்டவன், இறுதியிற் காக்கப்படுபவன். தம் பகைவனைக் குடிலனென்று கொள்வர். அவனுக்கு விலங்கே போதுமென்று அமைவர். சமயவாதங்களிலும் ஊர்ப்பிணக்குகளிலும் இவ்வழக்கம் நம்மிடை மலிந்துளது. எதிர்நிற்பானை உயிரெனக் காணாமல் மலமெனக் காணும் அப்பார்வையே ஆணவத்தின் தொழிலென்பதனை நாம் நினைப்பதில்லை. வகுப்பறையில் வினவிய சிறுவனை அன்று யான் அதட்டி இருத்தியபோது, என் கண்ணுக்கு அவனும் ஓர் உயிராகத் தோன்றிலன். என் பொருத்தத்துக்கு வந்த இடையூறாகவே தோன்றினான். நூலிற் செய்த பிழையே வாழ்விலும் செய்தேன்.

ஆகலின் மனோன்மணீயத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் கற்கும் அன்பர்க்கும் யாம் கூறுவது இது. முதற்கண் நாடகத்தை நாடகமாகப் படிக்க. சீவகனோடு நம்புக, நாராயணனோடு வெகுள்க, மனோன்மணியோடு உருகுக, குடிலனது தனிமொழியைப் படிக்குங்கால், அவ்வெண்ணம் தன்னுள்ளும் என்றேனும் எழுந்ததுண்டோ என்று தன்னையே வினவுக. அதன் பின்னர்த் தத்துவங் காண்பார் காண்க. அங்ஙனங் காணுமிடத்தும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒவ்வொரு தத்துவப் பெயரிடுதலை விடுத்து, முப்பொருளும் ஒவ்வொரு பாத்திரத்தினுள்ளும் உளவாதலைக் காண்க. சீவகனுள்ளும் குடிலனுள்ளும் உயிரும் உண்டு. அதனைப் பற்றிய மலமும் உண்டு. இரண்டினுக்கும் உள்நின்று இயக்கும் இறையும் உண்டு. இதுவே சித்தாந்தத்துக்கு ஒத்த உரைநெறி. மெய்ப்பாட்டுக்கும் இடந்தருவது இதுவே.

கரும்பலகையில் யான் நடுவே இழுத்த கோட்டை அம்மாணவன் அன்றே அழித்துவிட்டான். யான்தான் காணப் பல்லாண்டாயின. அவன் வினாவுக்கு இன்று விடை கூறுகின்றேன்: விலங்கு உயிர்க்கே, தம்பி, அதனாற்றான் அது கழலவும் கூடும்.

திருச்சிற்றம்பலம்.